வானத்தில் ஆசியாவைக் கண்ட போக்சன்



ஆசியா எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட பூகோளப் படத்திலே விரலை வைத்துக் காட்டிவிடும். வானத்திலே ஓர் ஆசியா இருக்கிறது, அதைக் காட்டு என்று கேட்டால் பெரியவர்களே திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். ஆனால் இருக்கிறது. செவ்வாய் கிரகத்துக்கும் வியாழ கிரகத்துக்கும் நடுவிலே லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிறுகோள்கள் என்று அவற்றைச் சொல்லுகிறோம். கண்டுபிடித்த வரிசைப்படி அவற்றுக்கு நம்பர் உண்டு, பெயரும் உண்டு. அந்த வரிசையில் 67-ஆம் நம்பரின் பெயர் ஆசியா.

அதைக் கண்டுபிடித்த இடம் ஏதோ ஐரோப்பியப் பட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய சென்னைப் பட்டணத்து நுங்கம்பாக்கம்தான். கண்டுபிடித்தவர் மட்டும் வெள்ளைக்காரர். அவர் பெயர் நார்மன் ராபர்ட் போக்சன். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் அதுதான் என்பதனால் அந்தப் பெயரையே அதற்குச் சூட்டினார்.

போக்சன் 1829-ஆம் வருஷம் மார்ச் மாதம் 23-ஆம் தேதி இங்கிலாந்திலே நாட்டிங்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். லேஸ் துணிக்கும் காலுறைக்கும் பேர்போன ஊர் அது. தகப்பனார் அந்த வியாபாரத்தில் இருந்தவர். மகனும் கணக்குப் பார்த்துக் கடையைக் கவனிப்பான் என்றுதான் வீட்டில் எண்ணியிருந்தார்கள். மகன் கணக்குப் பார்த்தது உண்மைதான், ஆனால் கடைக் கணக்கல்ல. பதினெட்டு வயதிலே இரண்டு வால்வெள்ளிகள் எந்தப் பாதையில் போகின்றன என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டார். இப்போதுபோல யந்திரம் கிடையாது. பேனாவும் காகிதமும் மடக்கை அட்டவணையும்தான். ஒரு வால்வெள்ளிக்கே கட்டுக்கட்டாகக் காகிதம் தீர்ந்துபோகும்.

1851-இல் லண்டனிலே ஜார்ஜ் பிஷப் என்ற செல்வந்தரின் சொந்த வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளாகச் சேர்ந்தார். அங்கே ஹைண்ட் என்பவர் சிறுகோள்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் ஒருவரே பத்து சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர். போக்சனுக்கு அந்தத் தேடல் பைத்தியம் பிடித்தது இங்கேதான். பிறகு ஆக்ஸ்போர்டில் ராட்கிளிஃப் வானாராய்ச்சி நிலையத்துக்கு மாறினார்.

சிறுகோளை எப்படித் தேடுவார்கள் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் இவருடைய வேலை எத்தன்மையது என்று புரியாது. தொலைநோக்கி வழியாகப் பார்த்தாலும் சிறுகோள் ஒரு புள்ளிதான். நட்சத்திரமும் ஒரு புள்ளிதான். முகத்தைப் பார்த்து இது இன்னார் என்று சொல்ல முடியாது. தோட்டத்திலே விடியற்காலைப் பெரட்டு எடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். இருட்டிலே ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணியார் செக்ரோலை வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிடுவார். பட்டியலில் இல்லாத ஓர் ஆள் வரிசையிலே நின்றால் அவன் யார், எங்கிருந்து வந்தான் என்று கேட்பார்கள் அல்லவா? அதே வேலைதான் இதுவும். வானத்தின் ஒரு துண்டுக்கு நட்சத்திரப் படம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரியில் அந்தப் படத்தையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒவ்வொரு புள்ளியாக ஒத்திட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் ராத்திரி மறுபடியும் பார்க்க வேண்டும். அசையாமல் அங்கேயே இருந்தால் அது படத்தில் விட்டுப்போன நட்சத்திரம். இடம் பெயர்ந்திருந்தால் சூரியனைச் சுற்றுகிற பொருள்.

இதிலே பெரிய சிரமம் என்னவென்றால் நல்ல படம் கடையில் கிடைக்காது. மங்கலான நட்சத்திரங்களையும் சேர்த்து அவரவரே வரைந்துகொள்ள வேண்டும். போக்சன் தமக்கு வேண்டிய படங்களைத் தாமே வரைந்தார்.

1856-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி ராத்திரி, படத்திலே இல்லாத ஒரு புள்ளி அவர் கண்ணில் பட்டது. அதுதான் 42-ஆம் சிறுகோள். போக்சனுக்கு அப்போது மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று இருந்தது. எலிசபெத் ஐசிஸ் என்று பெயர். அந்த ஊர் ஆற்றுக்கும் ஐசிஸ் என்று ஒரு பெயர் உண்டு. நிலையத்துத் தலைவரான ஜான்சன் சிறுகோளுக்கும் ஐசிஸ் என்றே பெயரிட்டார். குழந்தையின் பெயர் வானத்திலே ஏறிவிட்டது. இந்தப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவாள். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் லாலாந்து பரிசைக் கொடுத்து போக்சனைக் கௌரவித்தது. அடுத்த வருஷத்திலேயே ஏரியாட்னி, ஹெஸ்டியா என்று இன்னும் இரண்டைப் பிடித்தார்.

அதே 1856-இல் அவர் செய்த இன்னொரு காரியம் இன்றைக்கும் உலகம் பூராவும் வழக்கத்தில் இருக்கிறது. பழைய கிரேக்கர்கள் நட்சத்திரங்களை வெளிச்சத்தின்படி ஆறு தரமாகப் பிரித்தார்கள். மிகவும் பளிச்சென்று இருப்பது முதல் தரம். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிவது ஆறாம் தரம். சரி, முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம்? ஒருவர் ஒன்று சொன்னார், மற்றொருவர் வேறு சொன்னார். ஆளுக்கொரு படியை வைத்து அரிசி அளந்த கதைதான். போக்சன் அதற்கு ஒரே முத்திரைப் படியைச் செய்து கொடுத்தார். முதல் தரத்து நட்சத்திரம் ஒன்று, ஆறாம் தரத்து நட்சத்திரம் நூறுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம் என்றார். நடுவில் ஐந்து படிகள். அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. 2.512-ஐ ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள், நூறு வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாளிலே போட்டுப் பார்க்கலாம். மடக்கைக் கணக்குக்கு வசதியாகவும் இந்த எண் அமைந்தது.

இதை அவர் நட்சத்திர ஆராய்ச்சிக்கென்று தனியாக உட்கார்ந்து செய்யவில்லை. 36 சிறுகோள்கள் 1857-ஆம் வருஷத்தின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று ஓர் அட்டவணை போட வேண்டியிருந்தது. அந்த அட்டவணைக்காகச் செய்த ஏற்பாடுதான் நிலைத்துவிட்டது. மற்றவர்கள் நட்சத்திரம் பற்றி எழுதும்போதெல்லாம் இன்றும் போக்சனுடைய படியைத்தான் எடுத்து அளக்கிறார்கள்.

1859-இல் ஹார்ட்வெல் என்ற இடத்தில் லீ என்ற கனவானின் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார். அங்கே அவர் அதிக நாள் இருக்கவில்லை. 1860 அக்டோபரில் சென்னைக்கு அரசாங்க வானநூல் அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

சென்னை நிலையம் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டியது. பதினைந்தடி உயரத்தில் ஒரு கருங்கல் தூண் நிறுத்தி, அதன்மேல் கருவியை வைத்தார்கள். தரை அதிர்ந்தாலும் கருவி அதிராமல் இருப்பதற்காக அந்த ஏற்பாடு. தூணிலே தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள், ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று. அந்த இடத்தில் இப்போது வானிலை இலாகா இருக்கிறது, தூணும் இருக்கிறது. பிற்காலத்தில் இந்தியாவின் பெரும்பாலான ரயில்வண்டிகள் இந்த நிலையத்தின் கணக்குப்படியான சென்னை நேரத்தைப் பார்த்துத்தான் ஓடின. 1906-இல் இந்திய நேரம் என்று ஒன்று வரும்வரை அதுதான் நடந்தது.

1861 பிப்ரவரியில் போக்சன் குடும்பத்தோடு சென்னையில் வந்து இறங்கினார். இரண்டு மாதம்தான் ஆயிற்று. சித்திரை வெயில் கொளுத்துகிற நேரம். ஏப்ரல் 17-ஆம் தேதி அவர் ஆசியாவைக் கண்டுபிடித்தார்.

அந்தக் கல்லைப் பற்றி இப்போது நமக்குத் தெரிந்த விவரங்களைச் சொல்லுகிறேன். ஏறக்குறைய 58 கிலோமீட்டர் குறுக்களவு. கோலாலம்பூரில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை சிரம்பானைத் தாண்டிவிடும். சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கிலோமீட்டர் தூரத்திலே சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு மூன்றே முக்கால் வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. செவ்வாய் கிரகம் இரண்டு தடவை சுற்றிவருகிற நேரத்தில் ஆசியா ஒரு தடவை சுற்றிவருகிறது. பாதை சரியான வட்டமல்ல, கோழிமுட்டை மாதிரி கொஞ்சம் நீண்டது. தன்னைத்தானே சுற்றிக்கொள்ளச் சுமார் பதினாறு மணி நேரம் எடுக்கிறது. ஆக, ஆசியாவிலே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சேர்ந்தால் நம்முடைய நாளில் மூன்றில் இரண்டு பங்குதான். பாறையும் இரும்பு, நிக்கல் போன்ற உலோகமும் கலந்த வகை. மேலே விழுகிற வெயிலில் கால்பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நிலாவின் மண்ணைவிட இது இரண்டு மடங்கு வெளுப்பு. ஆனாலும் வெகுதூரத்தில் இருப்பதனால் நமக்குப் பத்தாம் தரம், பதினோராம் தரம் என்றுதான் தெரியும். பதினோராம் தரம் என்றால், வெறும் கண்ணுக்கு மிக மங்கலாகத் தெரிகிற நட்சத்திரத்தில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம். போக்சனுடைய படியால் அளந்து சொல்லுகிறேன்.

கிட்டே போகாமல் பதினாறு மணி நேரம் என்று எப்படிச் சொல்லுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கல் உருண்டையாக இல்லை. கோணல்மாணலாக இருக்கிறது. சுற்றும்போது அகன்ற பக்கம் நம்மைப் பார்த்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடும், ஒடுங்கிய பக்கம் பார்த்தால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை ராத்திரி ராத்திரியாகக் குறித்து வந்தால் எத்தனை மணிக்கொரு தரம் திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடுகிறது. குறுக்களவைக் கண்டது வேறு வழி. வெயிலில் காய்ந்த கல் சூட்டை வெளியே விடும். 1983-இல் வானில் ஏவிய ஒரு செயற்கைக்கோள் அந்தச் சூட்டை அளந்தது. எவ்வளவு சூடு வருகிறது என்பதிலிருந்து கல் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டார்கள். போக்சன் காலத்தில் இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவருக்கு அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது, எத்தனையாம் தரம், இவ்வளவுதான் தெரியும்.

சென்னையிலிருந்து அவர் கண்டுபிடித்தது இதோடு நிற்கவில்லை. 1864-இல் சாப்போ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, வெகுகாலம் கழித்து 1885-இல் வேரா. இங்கிலாந்தில் கண்ட மூன்றோடு சேர்த்து மொத்தம் எட்டு. வெளிச்சம் கூடிக் குறைகிற நட்சத்திரங்களிலும் நிறையக் கண்டுபிடித்தார்.

இவ்வளவும் அவர் ஒருவராகச் செய்தாரா என்றால் இல்லை. நிலையத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் என்று ஒருவர் இருந்தார். பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தவர். போக்சன் கப்பலேறி வருவதற்குப் பல வருஷம் முன்பே அங்கே வேலையில் அமர்ந்தவர். படிப்படியாக முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867-இல் தென்வானத்து ரெட்டிகுலம் கூட்டத்திலே வெளிச்சம் மாறுகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானநூல் கழகத்தில் அங்கத்தினரானார். அதில் அங்கத்தினரான முதல் இந்தியர் அவர்தான். 1874-இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்து போனபோது, அது என்ன, ஏன் நடக்கிறது என்று சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி ஆங்கிலத்திலும் இந்திய பாஷைகளிலும் சிறு புத்தகம் போட்டார். பழைய பஞ்சாங்கக் கணிதத்தைக் கண்ணால் பார்த்த நிலைக்கு ஒத்தபடி திருத்த வேண்டும் என்றும் பாடுபட்டார். 1880-இல் காலமானார். போக்சனைப் பற்றி எழுதுகிற பலர் ரகுநாதாச்சாரியாரை ஒரு வரியிலே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நட்சத்திரப் பட்டியலுக்காக இத்தனை வருஷம் கருவியண்டை நின்றவர்களிலே அவர் முக்கியமானவர்.

அந்தப் பட்டியலைத்தான் போக்சன் தம் வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். 1862-இலிருந்து 1887 வரை, இருபத்தைந்து வருஷம், 5,303 நட்சத்திரங்களின் இடத்தை அளந்தார்கள். மொத்தம் 51,101 தடவை பார்த்து எழுதியிருக்கிறது. மழைக்காலத்தைக் கழித்துப் பாருங்கள், மேகம் மூடிய ராத்திரிகளைக் கழித்துப் பாருங்கள், அப்புறம் இந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிது என்று தெரியும்.

1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் வந்தது. போக்சன் மசூலிப்பட்டணத்துக்குப் போய்ப் பார்த்தார். ரகுநாதாச்சாரியார் ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியில் பார்த்தார். பிரான்சு தேசத்து ஜான்சன் குண்டூரில் பார்த்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும்புகிற ஜுவாலையின் ஒளியைப் பிரித்தபோது மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அது சோடியத்தின் கோடு அல்ல, ஹீலியம் என்ற புதிய பொருளின் கோடு என்று பின்னால் தெரிய வந்தது. அந்தக் கோட்டைக் கண்டு குறித்தவர்களில் போக்சனும் ஒருவர். ஆனால் அவருடைய அறிக்கை சென்னை அரசாங்கத்து அச்சில் வந்தது. ஐரோப்பாவின் பெரிய சஞ்சிகைகளில் வரவில்லை. அதனால் ஹீலியத்தின் கதையிலே ஜான்சன் பெயரும் லாக்கியர் பெயரும்தான் வருகின்றன.

இதைவிட வருத்தமான சம்பவம் 1872-இல் நடந்தது. பியெலா என்று ஒரு வால்வெள்ளி இருந்தது. 1846-இல் வந்தபோது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 1852-இல் இரண்டு துண்டும் ஜோடியாக வந்துபோயின. அப்புறம் அதைக் காணோம். 1872 நவம்பர் 27-ஆம் தேதி ராத்திரி ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. பியெலா பூமியைத் தொட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் கிளிங்கர்ஃபூஸ் என்ற பேராசிரியர் முடிவு செய்தார். அப்படியானால் அது தென்வானத்துப் பக்கம் போயிருக்கும், ஐரோப்பாவில் தெரியாது. உடனே சென்னைக்குத் தந்தி அடித்தார். இன்ன நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள் என்பது செய்தி.

போக்சன் தேடினார். முதலில் மேகம் மறைத்துவிட்டது. பிறகு டிசம்பர் முதல் வாரத்திலே, பொழுது விடிவதற்குச் சற்று முன்னால், அடுத்தடுத்து இரண்டு விடியற்காலைகளில் மேகத்தின் இடைவெளியிலே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். இடத்தைக் குறித்தார். அதற்குப் பிறகு தெரியவில்லை. வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிட மூன்று தடவையாவது பார்த்த இடம் வேண்டும். கையில் இருந்தது இரண்டு. பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அது பியெலாவாக இருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் வேறு எது? இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. மேகம் இன்னும் ஒரு காலைநேரம் விலகியிருந்தால் விடை கிடைத்திருக்கும். விடியுமுன் எழுந்து மழை வருமோ வராதோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்து, பால்வெட்டு உண்டா இல்லையா என்று தவித்த நம்மவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும் என்று நினைக்கிறேன்.

போக்சனுக்குப் பெரிய குடும்பம். மனைவி எலிசபெத் 1869-இல் இறந்துபோனார். ஆட்கள் வேண்டும், கருவி வேண்டும், பணம் வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கேட்டது கிடைத்தது அபூர்வம். இங்கிலாந்தில் இருந்த பெரியவர்களோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. அவர் பக்கமும் ஒரு குறை இருந்தது. பார்த்து எழுதியதையெல்லாம் இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டே இருந்தார். அச்சுக்கு அனுப்புவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. வேலை செய்தவர் வேலையைக் காட்டாமல் இருந்தால் மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள். பெட்டிக்குள்ளே ஐம்பதாயிரம் கணக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியவா போகிறது?

1873-இல் மகள் ஐசிஸ் நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். வானத்திலே பெயர் ஏறிய குழந்தை என்று சொன்னேனே, அவள்தான். மாதச் சம்பளம் 150 ரூபாய். பகலில் கணக்கு, ராத்திரியில் தொலைநோக்கி. 1881-இலிருந்து சென்னை மாகாணத்தின் மழை, காற்று, வெயில் விவரங்களைத் தொகுத்து அறிக்கை தருகிற பொறுப்பும் அவளிடம் வந்தது. 1886-இல் தகப்பனார் அவளுடைய பெயரை ராயல் வானநூல் கழகத்துக்குச் சிபாரிசு செய்தார். வக்கீல்கள் சாசனத்தை எடுத்துப் பார்த்தார்கள். அங்கத்தினரைக் குறிக்கிற இடத்திலெல்லாம் ஆண்பாலில் எழுதியிருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு இலக்கணச் சொல்லுக்காக! ஐசிஸ் அங்கத்தினரானது 1920-இல். முப்பத்துநான்கு வருஷம் கழித்து.  சிபாரிசு செய்த தகப்பனார் மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலமாகியிருந்தது.

1882-இல் போக்சன் இன்னொரு யோசனை சொன்னார். சென்னைக் கடற்கரைப் புழுக்கத்திலே உயர்ந்த ஆராய்ச்சி நடக்காது, பழனி மலையிலோ நீலகிரியிலோ பெரிய தொலைநோக்கியை வைக்க வேண்டும் என்றார். வருஷக்கணக்கில் பேச்சு நடந்தது. கொடைக்கானல் என்று முடிவானபோது அவர் இல்லை. 1891-ஆம் வருஷம் ஜூன் மாதம், சென்னையிலேயே, ஈரல் நோயால் காலமானார். அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் அந்த ஒரே நிலையத்தில் வேலை செய்திருந்தார். பின்னால் வந்த மிக்கி ஸ்மித் பெட்டியிலிருந்த கணக்குகளை எடுத்து ஒழுங்குபடுத்தினார். நட்சத்திரப் பட்டியல் முழுமையாக அச்சேறி முடிந்தது போக்சன் போன பிறகுதான். 1899-இல் வானாராய்ச்சி வேலைகள் கொடைக்கானலுக்கு மாறின. ஐசிஸ் அதற்கு முந்திய வருஷம் ஓய்வு பெற்றாள்.

அவர் புள்ளியாகக் கண்ட கற்கள் என்னவாயின என்பதை இனிச் சொல்லவேண்டும். 1866-இல் நுங்கம்பாக்கத்திலிருந்து பார்த்த சில்வியாவுக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டர் குறுக்களவு. கோலாலம்பூரிலிருந்து நேர்கோடு போட்டால் பினாங்கை நெருங்கிவிடும். ஆசியாபோல வெளுப்பு அல்ல, அடுப்புக் கரி மாதிரி கறுப்பு. ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான நேரத்தில் தன்னைத்தானே சுற்றி முடித்துவிடுகிறது. அந்த வேகத்திலே உருண்டையாக இருக்க முடியாமல் நீண்டு போயிருக்கிறது. 2001-இல் ஹவாயிலிருந்த பெரிய தொலைநோக்கியால் பார்த்தபோது சில்வியாவை ஒரு குட்டி நிலா சுற்றிவருவது தெரிந்தது. 2004-இல் தென்னமெரிக்காவில் சிலி தேசத்துத் தொலைநோக்கியால் எடுத்த படங்களிலே இன்னொரு நிலாவும் அகப்பட்டது. 2005-இல் அதை அறிவித்தார்கள். ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலா இருப்பது அதுவரை யாரும் கண்டிராதது. போக்சன் அந்தக் கல்லுக்கு வைத்த பெயர் ரோமாபுரியின் பழங்கதையிலே ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தாயின் பெயர். நிலாக்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பெரியது ரோமுலஸ், சிறியது ரீமஸ். தாய்க்குப் பெயரிட்டு 139 வருஷம் கழித்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

நிலா எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருக்கிற கல்லின் எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். ரோமுலஸ் சுமார் 1,360 கிலோமீட்டர் தள்ளி, மூன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சுற்றுகிறது. கணக்குப் போட்டதில் சில்வியா தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம் என்று வந்தது. பாறை அவ்வளவு லேசாக இருக்காது. ஆகவே அது ஒரே பாறை அல்ல. என்றோ ஏதோ மோதி உடைந்து, உடைந்த துண்டுகள் மறுபடியும் குவியலாகச் சேர்ந்து, நடுநடுவே சந்தும் பொந்துமாக இருக்கிற கற்குவியல். ரோட்டோரத்தில் லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லிக்குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருக்கிறதே, அங்கே அந்த இடமெல்லாம் வெறும் வெட்டவெளி.

1868-இல் கிரகணம் முடிந்து மூன்று மாதத்தில் கண்ட கமில்லாவுக்கும் இரண்டு நிலா. முதலாவது 2001-இல் தெரிந்தது, இரண்டாவது 2016-இல்.

சந்திரனில் ஒரு பள்ளத்துக்குப் போக்சன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1968-இல் சுவிட்சர்லாந்து தேசத்திலே பால் வில்ட் என்பவர் கண்டுபிடித்த 1830-ஆம் சிறுகோளுக்கும் அவர் பெயர்தான். ஏழெட்டுக் கிலோமீட்டர் அளவுள்ள சின்னக் கல். 2007-இல் பார்த்தபோது அதையும் ஒரு குட்டி நிலா சுற்றிக்கொண்டிருந்தது.